விற்பவன் வாய் திறக்க வேண்டுமா?

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சரக்குகள் ஒருவனுடைய கடையில் இருக்கின்றன. ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போல் நாற்பது மடங்கு. வாங்க வந்தவரோ அவசரத்தில் இருக்கிறார். மலிவான சரக்கு ஒன்று உண்டென்பதே அவருக்குத் தெரியாது. கடைக்காரன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவனா? "கேட்டால் சொல்லலாம், கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?" என்பது நம்மிடையே பழகிப்போன பேச்சு. துணியிலும் அத்தரிலும் இதை யாரும் பெரிய குற்றமாக எண்ணுவதில்லை. விற்கப்படும் சரக்கு மனிதனின் கண்பார்வையாக இருந்தால் என்ன சொல்வோம்? இது கற்பனைக் கேள்வி அன்று. இந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவின் நீதிமன்றங்கள் வரை போன வழக்கு.

நான் டாக்டர் அல்லன். மதரஸாவுக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் மேல் படியேறாத கடைக்காரன். ஆயினும் கொள்முதல், விலை, இலாபம் என்பவை நமக்குத் தெரிந்த விஷயங்களாதலால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. ஒளியை உணரும் உயிரணுக்கள் அதில் பல கோடி. மங்கிய வெளிச்சத்தில் காண்பதற்குக் கோல் வடிவானவை. நிறத்தையும் நுணுக்கத்தையும் காண்பதற்குக் கூம்பு வடிவானவை. கூம்புகள் நெருங்கி நிற்கும் நடுவிடத்துக்கு மக்யுலா என்று பெயர். பத்திரிகை வாசிப்பதும், பத்து வெள்ளி நோட்டையும் ஐம்பது வெள்ளி நோட்டையும் பிரித்தறிவதும், எதிரே நிற்பவரின் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்னஞ்சிறு இடத்தின் தயவால்தான். இவற்றுக்கு அடியில் கருநிறமான இன்னோர் அடுக்கு உயிரணுக்கள் உண்டு. மேலே உள்ளவற்றுக்கு உணவு கொண்டுவந்து கொடுப்பதும், அவை நாள்தோறும் உதிர்ப்பதை விழுங்கிச் சுத்தம் செய்வதும் இவற்றின் வேலை. வயது ஏற ஏற இந்த அடுக்கு தளர்கிறது. சிலருக்கு இதன் கீழிருந்து முறைகெட்ட புது இரத்தக் குழாய்கள் முளைத்து மேலேறி, நீரையும் இரத்தத்தையும் கசியவிடுகின்றன. வெள்ளத்தில் நின்ற பயிர் போல ஒளி உணரும் அணுக்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கணக்குப் புத்தகத்தின் நேர்கோடு வளைந்து தெரிவது இந்நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. அப்படித் தெரிந்தால் உடனே போக வேண்டிய இடம் கண் டாக்டரின் வீடு. மூக்குக்கண்ணாடிக் கடை அன்று.

இந்தக் குழாய்களை முளைக்க வைப்பது எது? விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அவற்றை அழைக்கிறது என்று 1948ல் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். பொருள் மட்டும் கைக்கு அகப்படவில்லை. 1989ல் கலிபோர்னியாவின் ஜெனென்டெக் கம்பெனியில் நெப்போலியோன் பெராராவின் குழுவினர் இரத்தக் குழாயை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வி.ஈ.ஜி.எப். என்பது அதன் சுருக்கப் பெயர். விழித்திரையில் நடக்கும் தீங்குக்கும் பெரும்பாலும் அதுவே காரணம் என்று பின்னால் தெளிவாயிற்று.

அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் மருந்தை அதே கம்பெனி இரண்டு உருவில் செய்தது. முழு உருவுக்கு அவாஸ்டின் என்று பெயர். குடல் புற்றுநோய்க்காக 2004ல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி கொடுத்தது. அதே மூலத்திலிருந்து கண்ணுக்கென்று சிறிதாகச் செதுக்கிய துண்டுக்கு லூசென்டிஸ் என்று பெயர். அதற்கு 2006ல் அனுமதி கிடைத்தது. லூசென்டிஸ் அருமையான மருந்துதான். அதுவரை பார்வை இழப்பைத் தாமதப்படுத்தவே போராடிக் கொண்டிருந்தார்கள். பரீட்சையில் இம்மருந்தை மாதந்தோறும் போட்டுக் கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பார்வை நன்றாகவே கூடியது. அப்போது விலை, ஓர் ஊசிக்குச் சுமார் 2,000 அமெரிக்க டாலர்.

ஆனால் 2005ஆம் ஆண்டிலேயே, லூசென்டிஸ் கடைக்கு வருமுன், மயாமி நகரத்து டாக்டர் பிலிப் ரோசன்பெல்ட் அவாஸ்டினைச் சிறிதளவு கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். கசிவு வற்றியது. செய்தி பரவி, உலகமெங்கும் கண் டாக்டர்கள் அதைப் பின்பற்றலானார்கள். கணக்கைப் பாருங்கள்: புற்றுநோய்க்கு வரும் சிறு அவாஸ்டின் புட்டியில் 4 மில்லி லிட்டர் இருக்கிறது, ஒரு கண்ணுக்கு வேண்டியது 0.05 மில்லி லிட்டர். ஏட்டுக் கணக்கில் எண்பது பங்கு. சேதாரம் போக எத்தனை தேறினாலும், பிரித்துக் கொடுத்தால் ஓர் ஊசி அப்போது சுமார் 50 டாலருக்குள் அடங்கிவிட்டது. மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி கம்பெனியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் போட்ட முதல் பெரிது. வெற்றி பெற்ற மருந்துதான் தோற்றுப்போனவற்றின் செலவையும் சுமக்க வேண்டும். இது பொய்யன்று, பத்துச் சரக்கில் மூன்று விலைபோகாமல் நின்றால் நாமும் மிச்ச ஏழில்தான் அதை ஈடு கட்டுகிறோம். புட்டியைப் பிரிப்பதில் ஆபத்து உண்டு என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மையே. 2011ல் மயாமி வட்டாரத்தில் அப்படிப் பிரித்த மருந்தில் கிருமி புகுந்து 12 பேரின் கண்கள் கெட்டன. சுத்தமில்லாத கையால் பிரித்தவனை இதில் யாரும் ஆதரிக்க முடியாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. இரண்டும் சமமாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க முதல் உரிமையும் வசதியும் யாருக்கு இருந்தன? இரண்டையும் செய்தவருக்கு. அவர்கள் சோதிக்கவில்லை. 2007ல் அவாஸ்டினைப் பிரித்துக் கொடுக்கும் மருந்துக் கடைகளுக்குச் சரக்கை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். கண் டாக்டர்கள் கூச்சலிட்ட பின் டாக்டர்கள் வழியாக வாங்க இடம் கொடுத்தார்கள். கடைசியில் சோதனையை நடத்தியது அமெரிக்க அரசாங்கத்தின் தேசியக் கண் நிலையம், பொதுமக்களின் வரிப் பணத்தில். ஏறக்குறைய 1,200 நோயாளிகள். 2011ல் முடிவு வெளிவந்தது: ஒரே முறையில் போட்டால், பார்வையைக் காப்பதில் இரண்டும் சமம். அவாஸ்டின் போட்டவர்களில் வேறு நோய்களால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் சற்று அதிகம் என்பதையும் அதே அறிக்கை மறைக்காமல் சொன்னது. உலக சுகாதார ஸ்தாபனம் 2013ல் அவாஸ்டினின் மூல மருந்தைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

மௌனம் அதோடு நிற்கவில்லை. ஜெனென்டெக்கின் உடைமையாளரான ரோஷ் கம்பெனியும், அமெரிக்காவுக்கு வெளியே லூசென்டிஸை விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனியும் கூடிப் பேசி, கண்ணில் அவாஸ்டின் ஆபத்தானது என்று மிகைப்படுத்திப் பரப்பின என்று இத்தாலியின் வியாபாரப் போட்டி ஆணையம் 2014ல் தீர்ப்பளித்து, 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மறுத்தன. 2019ல் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது.

சகோதரர்களே, என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதிக விலை வைத்ததை மட்டும் கொண்டு நான் அவர்களைக் குறை கூற மாட்டேன். விலை வைப்பது விற்பவன் உரிமை; பிடித்தால் வாங்கலாம், இல்லையேல் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் அடுத்த கடைக்குப் போக முடிந்தவருக்கும், சில வாரங்கள் தாமதித்தால் பேரப்பிள்ளையின் முகத்தை நேரே பார்க்க முடியாமற் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் சிறிதன்று. பின்னவர் பேரம் பேசவில்லை. வேறு வழியின்றிக் கையை நீட்டுகிறார். அவரிடத்தில் சரக்கைப் பற்றிய அறிவு விற்பவனிடம் இருக்கும் அமானிதம். நம் கடைகளிலும் சர்க்கரை வியாதிக்காரருக்கான கண் ஊசிக்குப் பணம் சேர்க்கும் வாடிக்கைக்காரர்கள் இல்லையா? அவர்களுக்கும் இதே வகை மருந்துகளே போடப்படுகின்றன.

"எல்லாவற்றையும் சொல்லிக் கொண்டிருந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு இங்கிலாந்தின் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன். அந்நாட்டின் வடக்கில் 12 அரசாங்க சுகாதாரக் குழுக்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தன: நோயாளியிடம் எல்லா மருந்துகளையும் எடுத்துச் சொல்வது, அவாஸ்டினை முதலில் பரிந்துரைப்பது, வேண்டாமென்றால் அவர் விரும்பியதையே போடுவது. யாருடைய சரக்கையும் தடுக்கவில்லை. நோவார்ட்டிஸும் பாயரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2018 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2020ல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது.