கூலி கொடுத்தோம், பெயர் யாருக்கு?



சென்ற மாதம் நம் சங்கத்துப் பெரியவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. ஜவுளி வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், தனியே தொழில் செய்யும் ஓர் இளைஞனைக் கொண்டு தம் கடைக்கு இணையதளம் அமைத்தார். பேசிய கூலியைச் சுணங்காமல் கொடுத்தார். அவ்விளைஞன் அதைத் தன் வேலை மாதிரிகளோடு சேர்த்து வேறொரு கடைக்காரருக்குக் காட்டியிருக்கிறான். "நான் பணம் கொடுத்து வாங்கியது தம்பி, நீ யார் அதைக் காட்ட?" என்று இவர் சினந்தார். அத்தோடு விட்டாரா? தளத்தின் அடியிலிருந்த அவன் பெயரை எடுத்துவிட்டுத் தம் மருமகன் பெயரைப் போட்டுவிட்டார்!

சொத்து யாருடையது என்பதில் வியாபாரியின் பேச்சு சரியே. 1987-ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, செய்யச் சொன்னவருக்கே உரிமை போய்ச் சேரும். ஆகவே அவ்விளைஞன் கேளாமல் காட்டியது பிசகு. ஆனால் அதே சட்டத்தின் 25-வது பிரிவு, செய்தவன் பெயரை மறைப்பதையும், அவன் வேலையைப் பிறர் பெயரில் வெளியிடுவதையும் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், தாம் செய்யாததற்குப் புகழப்பட விரும்புவோரை ஆலு இம்ரான் சூராவின் 188-வது ஆயத்து எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது! மருமகப் பிள்ளை அதை ஓதாதவரல்லர்.

நம் முன்னோர் இதை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். சீறாப்புராணத்தைப் பாடச் சொன்னவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்தபின் பொருள் கொடுத்து ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். இருவரும் நம்மைப் போன்ற வணிகர்களே. நூலுக்குள் பல இடங்களில் அபுல் காசிமை நன்றியோடு வாழ்த்திப் பாடினார் உமறுப் புலவர். மரைக்காயரோ நூலைத் தம் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இருவர் பெயரும் நிற்கின்றன.

நிற்க. அந்த இளைஞனுக்கு மாதிரிகளே கடைமுதல். அவற்றைக் காட்டித்தான் அடுத்த வேலை கிடைக்கும். அதைக்கொண்டே அவன் வீட்டில் உலை கொதிக்கும். அவனுக்கும் ஒரு வார்த்தை: பிறர் எடுத்த புகைப்படத்தையும் ஆயத்தமாக வாங்கிய அமைப்பையும் தன் கைவேலை என்று காட்டலாகாது. தளத்தின் முகவரியை வியாபாரியின் பெயரிலேயே பதிய வேண்டும். கடவுச்சொல்லை அமானிதமாக ஒப்படைக்க வேண்டும்.

திருமறையின் மிக நீண்ட ஆயத்து, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. கைக்குக் கை மாறும் வியாபாரத்தை எழுதாமல் விட அதிலே சலுகை உண்டு. ஆனால் இணையதளம் என்ன, கல்லாவில் காசு வாங்கிக்கொண்டு நிறுத்துக் கொடுக்கும் ஏலக்காயா? மாதக்கணக்கில் நடக்கும் வேலையல்லவா!

மருமகன் பெயர் அன்றே எடுக்கப்பட்டது. உரிமை கடைக்கு, பெயர் செய்தவனுக்கு, விலைப்பட்டியல் நீங்கலாக மற்றப் பக்கங்களை மாதிரியாகக் காட்டிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். அடுத்த பெருநாள் விற்பனைக்குத் தளத்தைத் திருத்தும் வேலையும் அந்தத் தம்பிக்கே பேசி முடிந்தது.