எலும்பில் இருந்த உப்பு

அப்பாவை எரித்த மறுநாள் பால் தெளிக்கப் போனோம். நான் பொறுக்கிய எலும்புத் துண்டு சுண்ணாம்புக் கட்டி போல லேசாக இருந்தது. அழுத்தியதும் பொடிந்து ரேகைகளில் வெள்ளையாகப் படிந்தது. சாம்பலை எங்கள் ஊர் ஏரியில் கரைத்தோம். தண்டலத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்றும் விரலைத் தேய்த்துப் பார்க்கிறேன்.

அவர் எங்கே போனார்? உடம்பின் கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. ஏதோ ஒரு வேப்பிலை அதை வெயிலைக் கொண்டு சர்க்கரையாக்கியிருக்கும். பாஸ்பரஸ் அப்படிப் பறக்காது. கால்சியத்தோடு பிணைந்து சாம்பலிலேயே தங்கும். மண்ணும் நீரும்தான் அதற்கு வழி. நம் மரபணுவின் முதுகெலும்பில் இருப்பது அதுதான். நெல்மணிக்குள்ளும் அதுதான்.

தண்டலத்துக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர். 1017இல் ராமானுஜர் அவதரித்ததாக மரபு சொல்லும் ஊர். உயிருள்ளதும் சடமும் இறைவனுக்கு உடல் என்றார் அவர். அப்பாவின் சாம்பலை நினைக்கும்போது இந்த வார்த்தை எனக்கு ஆறுதல்.

ஆனால் அதே ஏரியில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவரும் பாஸ்பரஸால் பாசி மண்டுகிறது. பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்து மிதக்கிறது. அதுவும் இறைவனின் உடலா? உடலின் குறை ஆன்மாவைத் தீண்டாது என்பது ராமானுஜர் தரும் விடை. தத்துவமாக அதை ஏற்கிறேன். கரையில் நிற்கையில் மனம் ஏற்க மறுக்கிறது. உடல் என்றால் வலிக்க வேண்டாமா?

போன அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது, பச்சைப் பாசியை விலக்கித்தான் கையை நனைத்தேன்.