பதற்றம் வேண்டாம், கேள்வி வேண்டும்

புற்றுநோய் என்று அறிக்கை வந்ததும் வீடே பதறுகிறது. 'உடனே எடுத்துவிடுங்கள்' என்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் எடுப்பது மட்டுமே வழியல்ல. எடுத்துக்காட்டாக, ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில், கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகள் 2002-இல் இதை உறுதிசெய்தன.

ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: நோய் எந்த நிலையில் இருக்கிறது? சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? வேறு வழி உண்டா? பக்கவிளைவு என்ன? செலவு எவ்வளவு? கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு செல்லுங்கள். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கையுடன் இன்னொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. உடல் நோயாளியுடையது, முடிவெடுக்கும்போது வீட்டார் முதலில் அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும்.