படைக்கலம் தாங்குதலும் தகுதியும்

தன்னுயிரைக் காத்துக் கொள்ளுதல் எல்லா உயிர்க்கும் இயல்பு. அதற்குக் கருவி நாடுதல் மக்கட்கு இயல்பு. ஆயின், ஒருவன் தன்னைக் காத்தற்பொருட்டுக் கொண்ட கருவி பிறர் உயிரை ஒரு நொடியிற் போக்க வல்லதாயின், அதனை மக்கள் நெருங்கிய தெருவிலும் சந்தையிலும் தாங்கித் திரிவதற்கு முன் அவன் தன் தகுதியைக் காட்டல் வேண்டுமோ, வேண்டாவோ? அறத்தின்பாற்பட்ட இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பெரிதும் வழக்காடப்பட்டு வருகின்றது. ஆதலின் அந்நாட்டு நிகழ்ச்சிகளையே நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு அஃது ஆராயப்படும்.

அந்நாட்டு அரசியற் சட்டத்தில் 1791-ஆம் ஆண்டிற் சேர்ந்த இரண்டாந் திருத்தம், படைக்கலம் வைத்திருத்தலும் தாங்குதலும் மக்கட்குரியன என்கின்றது. அவ்வுரிமை குடிப்படையைச் சார்ந்ததோ, தனி மனிதர்க்குரியதோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தனி மனிதர்க்குரியது எனத் துணிந்தது. எல்லையற்றது அன்று என்பதனையும் உடன் கூறிற்று. நியூயார்க் மாநிலத்திலோ, 1911-ஆம் ஆண்டின் சல்லிவன் சட்டத்தின் வழிவந்த விதியின்படி, கைத்துப்பாக்கியை மறைத்துத் தாங்கி வெளியே செல்ல விரும்புவோன் தனக்குச் சிறப்பான காரணம் உண்டென அதிகாரிக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2022-இல் புருயன் வழக்கில் அவ்விதி தள்ளுண்டது. எனினும், வரையறுத்த தகுதியுடையார் எல்லார்க்கும் மறாது வழங்கும் உரிமச்சீட்டு முறையை நீதிமன்றம் தள்ளவில்லை. அவ்வாண்டிலேயே நியூயார்க் புதுச் சட்டம் இயற்றி, 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் வேண்டுமென விதித்தது. மற்றொருபால், லைசென்சு என வழங்கும் அவ்வுரிமச்சீட்டை வெர்மான்ட் மாநிலம் எந்நாளும் வேண்டிற்றில்லை. அலாஸ்கா 2003-இலும், அரிசோனா 2010-இலும், டெக்சாஸ் 2021-இலும் அதனை நீக்கின. இவ்வாறு சீட்டின்றித் தாங்க இடந்தரும் மாநிலங்கள் 2024-ஆம் ஆண்டின் முடிவில் 29 ஆயின. எல்லைக் கோட்டின் இப்பாற் குற்றமாவது அப்பாற் குற்றமன்றாகின்றது. சட்டங்கள் இங்ஙனம் மாறுபட்டு நிற்குமிடத்து, அறம் யாது பகரும் என்று நோக்குதலே முறை.

சீட்டு வேண்டா என்பார் கூறும் தடைகள் மூன்று. உரிமை என்பது கேளாமலே உடையதாதல். கேட்டுப் பெறுவது சலுகையே யன்றி உரிமையாகாது என்பது ஒன்று. சீட்டு வழங்கும் அதிகாரம் ஒருவர் கையிற் புகின், அஃது எளியாரை ஒடுக்கும் கோலாகும் என்பது மற்றொன்று. கொலைஞனும் கள்வனும் சீட்டுக்கு விண்ணப்பம் செய்யார். ஆதலின் நல்லாரையே அது பிணிக்கும் என்பது பிறிதொன்று.

இவற்றுள் இரண்டாவது தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1956-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அலபாமா மாநிலத்து மாண்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் என்பாரின் இல்லத்தில் வெடிகுண்டு எறியப்பட்டது. மனைவியும் மகவும் உள்ளிருந்தனர். அதன்பின் அவர் துப்பாக்கி தாங்க உரிமச்சீட்டு வேண்டினார், அது மறுக்கப்பட்டது. உயிர்க்கு அச்சம் உண்டென்பதற்கு அதனினும் சான்று வேறென் வேண்டும்? பாரத நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின்கீழ் நாட்டு மக்கள் சீட்டுப் பெறக் கடமைப்பட்டனர். ஐரோப்பியர்க்கோ அக்கடமை இல்லையாயிற்று. தகுதி நோக்காது நிறம் நோக்கி வழங்கிய சீட்டு அறத்தின் காவலன்று, ஆதிக்கத்தின் காவலே. இவ்வுண்மையை மறைத்து உரிமச்சீட்டு முறையைப் போற்றுவார் கூற்று நிரம்பிய கூற்றாகாது.

இனி முதற்றடைக்கு விடை கூறப்படும். இல்லத்தில் ஒரு கருவியை வைத்திருத்தலும், அதனை இடுப்பிற் செருகிப் பலர் கூடும் இடத்துப் புகுதலும் ஒருதன்மைய அல்ல. பின்னதில், பக்கத்தில் நடக்கும் குழவியும் முதியோனும் தம்மைக் கேளாமலே அவன் கைத்திறத்திற்கும் மனநிலைக்கும் தம் உயிரை ஒப்படைத்தவராகின்றனர். அற்றேல், பேசுதற்கும் எழுதுதற்கும் சீட்டு வேண்டாமை போல இதற்கும் வேண்டாமை அமையாதோ எனின், அமையாது. என்னை? பிழைபட்ட சொல்லைப் பிறிதொரு சொல்லால் மறுக்கலாம். சொன்னவனே மீட்டுக் கொள்ளவும் கூடும். பிழைபட்ட குண்டினை மறுக்கவும் இயலாது, மீட்கவும் இயலாது. பிழையின் பயன் திருத்தத்தக்கதாயின் பிழைத்தபின் திருத்துதல் போதும். திருத்தத் தகாததாயின் பிழையாமை முன்னரே காத்தல் வேண்டும். அன்றியும், அவ்வுரிமை எழுந்த காலத்திலேயே பயிற்சி அதனோடு தொடர்பின்றி இருந்ததில்லை. இரண்டாந் திருத்தத்தின் தொடக்கமே ஒழுங்குற்ற குடிப்படையைச் சுட்டுகின்றது. 1792-ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம், 18 முதல் 45 அகவை வரையுள்ள உடல்வலியுடைய வெள்ளை ஆடவர் துப்பாக்கி கொள்ளுதலோடு, அழைக்கும்போது பயிற்சிக்கு வந்து நிற்றலையும் விதித்தது. அச்சட்டம் ஓரினத்தார்க்கே இடந்தந்தது அதன் குறை. ஏந்துவோன் பயிலல் வேண்டும் என்றது அதன் நிறை.

இரண்டாந் தடை வழங்கும் முறையின் குற்றத்தைக் காட்டுவதேயன்றி, வழங்குதலே குற்றம் என்று காட்டவில்லை. மருத்துவர்க்குத் தகுதிச் சான்று தருவோர் ஓரவஞ்சனை செய்யின், ஓரவஞ்சனையை ஒழித்தலே முறை. கல்லாதாரும் கத்தி கொண்டு உடலை அறுக்கலாம் என்று விடுதல் முறையாகாது. ஆதலின் தகுதி இன்னதென்று எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். அத்தகுதி உடையான் யாவனாயினும் அவற்குச் சீட்டு மறுக்கும் உரிமை அதிகாரிக்கு இருத்தலாகாது. கட்டணம் வறியோனைத் தடுப்பதாயும், காத்திருப்பு அச்சமுற்றவளைக் கைவிடுவதாயும் இருத்தலாகாது. கணவனால் அச்சுறுத்தப்பட்ட ஒருத்தி திங்கள் பல காத்திருந்து சீட்டுப் பெறுமுன் உயிரிழப்பாளாயின், அச்சட்டம் அவளைக் காத்ததாகாது. புருயன் வழக்கின் தீர்ப்பும், மிக்க கட்டணமும் நீண்ட காத்திருப்பும் உரிமையை இல்லையாக்குமாயின் அவை வழக்கிற்கு உரியன எனக் குறிக்கின்றது. 2024-இல் ரகிமி வழக்கில், பிறர்க்குத் தீங்கு செய்வான் என்று நீதிமன்றம் கண்டவனிடமிருந்து படைக்கலத்தை அப்போதைக்கு நீக்குதல் முறையே என உச்ச நீதிமன்றம் துணிந்தது. எளியோனுக்கு மறாமையும் தீயோனுக்குக் கொடாமையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நடுநிலை.

மூன்றாந் தடை, சீட்டின் நோக்கத்தை ஒருபுடையாகக் கொண்டதனால் எழுந்தது. சீட்டும் பயிற்சியும் தீயோனைத் தடுத்தற்கு மட்டும் அமைந்தன அல்ல. நல்லோன் கையினின்று நேரும் தீங்கைத் தடுத்தற்கும் அமைந்தன. நல்லெண்ணம் குறியைத் தப்பாமற் செய்யுமோ? 2012-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் மாளிகையின் முன், ஒருவனைக் கொன்றுவிட்டு வந்த கொலைஞனைக் காவலர் இருவர் எதிர்ப்பட்டனர். அவன் துப்பாக்கியை நீட்டவே, அவர் 16 முறை சுட்டனர். அவன் மாண்டான். ஆயின் வழிச்செல்வோர் ஒன்பதின்மர் புண்பட்டனர். அப்புண்களெல்லாம் காவலர் சுட்ட குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் நேர்ந்தன. பயின்ற காவலர்க்கே இங்ஙனமாயின், ஒருநாளும் பயிலாதான் நெருக்கடியிற் செய்வது யாதாகும்?

அற்றேல், பயின்றாரும் தவறுவராயின் பயிற்சியாற் பயன் என்னை எனின், நீந்தக் கற்றவனும் வெள்ளத்தில் அமிழ்வதுண்டு. அதுகொண்டு கல்லாதவனை ஆற்றில் இறக்குவார் இல்லை. பயிற்சியின் முதற்பயன் குறி தப்பாமை அன்று. தன் குறி தப்பக்கூடும் என்னும் அறிவே. எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிறைந்ததாகவே கருதுதல், சுடத் துணியும்வரை விசையில் விரல் வையாமை, இலக்கினையும் அதன் பின்னிருப்பதனையும் அறிதல் என்னும் இவற்றைக் கற்றவன், எடுக்கத் தகாத இடத்து எடாமையையும் கற்கின்றான். விலகிச் செல்ல வழியிருப்பின் விலகுதல் இழிவன்று என்பதும் அப்பயிற்சியின்கண் அடங்கல் வேண்டும்.

வெளியே தாங்கிச் சென்ற படைக்கலம் மாலையில் இல்லம் சேரும். 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டார் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக் கொண்டார். தாங்குவோர்க்குரிய சீட்டு இத்துயரை முழுதும் நீக்கும் என்று கூறுதல் மிகையே. ஆயினும், பூட்டிக் காக்கும் முறையைப் பயிற்சியிற் கற்றவன் வீட்டில், ஒரு நொடித் துயரத்தில் நீளும் கைக்கு அக்கருவி எளிதில் அகப்படாது. அந்நொடி கழிந்தால் உயிர் எஞ்சுதல் கூடும்.

ஆகலின், வெளியில் துப்பாக்கி தாங்குவார்க்கு உரிமச்சீட்டும் பயிற்சியும் வேண்டுமென்பதே துணிபு. அச்சீட்டு வரையறுத்த தகுதியால் வழங்கப்படுவதாய், எல்லார்க்கும் ஒப்ப உரியதாய், வறியோர்க்கும் எட்டுவதாய், விரைந்து கிடைப்பதாய் இருத்தல் வேண்டும். இவை இல்வழி அது பழைய ஒடுக்குமுறையின் மறுவடிவே ஆகும். இவ்வளவும் செய்தபின்னும் சட்டம் எட்டாத இடம் ஒன்றுண்டு. கை பயின்றதோ என்பதைத் தேர்வு காட்டும்; சினம் எழுங்கால் அக்கை அடங்குமோ என்பதை எச்சீட்டும் காட்டாது. அதனைத் தாங்குவோனே தன்னுள் நாடோறும் ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு உடன்படாதான், சீட்டுப் பெற்றவனேயாயினும், தகுதி பெற்றவன் ஆகான்.