ஒல்லியானவருக்கும் ஒரு பரிசோதனை

நெல்லியாளத்துத் தேயிலைச் சரிவுகளில் நாளெல்லாம் கொழுந்து கிள்ளுகிறவருக்குக் கொழுப்புப் பரிசோதனை எதற்கு என்று கேட்பார்கள். உழைப்பு நல்ல காப்புதான். முழுக் காப்பு அல்ல. சென்னை மருத்துவர் வி.மோகனின் ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) தமிழகம் உள்ளிட்ட நான்கு பகுதிகளில், கிராமங்களையும் சேர்த்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதமே, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். குறைந்திருந்தவர்களோ 72.3 சதவீதம்! ரத்தக் குழாய்ச் சுவரில் சேரும் கொழுப்பைக் கல்லீரலுக்குத் திருப்பிச் சுமப்பது இந்த எச்.டி.எல். ஆகவே மொத்த அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு. ‘எச்.டி.எல்.லை மாத்திரையால் ஏற்றிவிடலாமே’ என்றால், அப்படி ஏற்றிய பெரிய மருந்துச் சோதனைகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே, எச்.டி.எல். குறையக் காரணமாகும் குவித்து வைத்த சோற்றையும், கட்டஞ்சாயாவில் விழும் இரண்டாவது கரண்டிச் சர்க்கரையையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.