மெய்நிகர் உலகில் எழும் வீடு

இல்லாத ஒன்றை உண்டாக்கும் ஆற்றலே படைப்பு எனின், கணினித் திரையில் விரியும் மெய்நிகர் உலகம் அதற்குப் பரந்ததொரு களமாகும். 2011இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட் விளையாட்டில் சிறுவனொருவனும் கட்டைகளை அடுக்கி ஊரொன்றையே அமைத்துவிடலாம். அவ்வூர் வெறும் மாயையா, அன்றி அவனது உண்மையான வெளிப்பாடா என்பதே ஈண்டு எழும் வினா.

இதனைக் கிளிவெட்டியில் நின்று நோக்குதல் பொருத்தமாகும். 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் அங்கிருந்த இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2015இலேயே அவர்தம் காணிகள் விடுவிக்கப்படலாயின. அத்தகையோர்க்கு இழந்த வீட்டைத் திரையிற் கட்டிக் காட்டுதல் ஆறுதலாகலாம். ஆயினும் அவ்வீட்டில் உலையேற்ற இயலாது; அதன் கிணற்றில் நீர் மொள்ளவும் இயலாது. அவ்வாறுதல் உரிமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின், கற்பனையும் அநீதிக்குத் துணைபோவதாகும்.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020இல் எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு அதே விளையாட்டினுள் நூலகமொன்றை நிறுவிற்று. பல நாடுகளிலே தடுக்கப்பட்ட கட்டுரைகள் அங்கே படிக்கக் கிடைத்தன. வெளியே அடைக்கப்பட்ட குரலுக்கு விளையாட்டே வாயிலாயிற்று.

ஆதலின் மெய்நிகர்ப் படைப்பின் பெறுமதியை அதன் வனப்பைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. திரையில் எழுந்த வீடு, மண்ணில் இழந்த வீட்டை மறக்கச் செய்கின்றதா, அதனைக் கேட்டு நிற்கும் துணிவைத் தருகின்றதா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும்.