முதுமையும் வைகறையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம்மனோர் நாவில் நாடோறும் வழங்கும் பழமொழி. ஆசிரியராயினார் இதனைப் பெற்றோர்க்கு எடுத்தோதி, பிள்ளைகளை இளமையிலேயே நல்வழிப்படுத்துமாறு வற்புறுத்துவர். அது தக்கதே. ஆயின், முதியோர் இதனைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு, "இனி எம்மால் ஆவது யாது?" என்று கைசோர்ந்திருத்தல் தகுமோ? அறுபது கடந்தார் ஒருவர் வாழ்நாள் முழுதும் பழகிய பழக்கமொன்றை மாற்றுதல் இயலுமா? இயலுமாயின், அது கடமையா? நடுநிசி கழிந்து உறங்கி வெயிலேறியபின் எழும் பழக்கத்தைக் காட்டாகக் கொண்டு, இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

யாம் பிறர் குற்றம் கூறப் புகுந்தேமல்லேம். இது எமது குற்றமே. ஆசிரியத்தொழில் புரிந்த காலமெல்லாம் மாணாக்கர் எழுதிய விடைகளைத் திருத்தியும், நூல்களைப் படித்தும், இரவு ஒருமணிவரை விழித்திருத்தல் எமக்கு வழக்கமாயிற்று. காலை ஏழரைக்குப் பாடசாலை தொடங்குமாதலின், அக்காலத்துக் கடமை எம்மைக் கழுத்தைப் பிடித்து எழுப்பியது. அறுபதில் ஓய்வு வந்ததும் அக்கட்டு அவிழ்ந்தது, இரவு நீண்டது, எட்டரைக்கும் ஒன்பதுக்கும் எழுவோமாயினேம். வைகறையில் இல்லாள் தனியே முற்றம் பெருக்கி, தனியே விளக்கேற்றி, தனியே வழிபட்டு வந்தார். அதனை யாம் பொருட்படுத்தினேமல்லேம்.

ஒருநாள் மாலை எம் பேர்த்தி, ஆறுமுகநாவலர் பெருமானின் சைவ வினாவிடையை எம் கையில் தந்து, தான் மனனஞ்செய்ததைக் கேட்குமாறு வேண்டினாள். சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு முன்னே நித்திரைவிட்டு எழல்வேண்டும் என்னும் விதியைப் பிழையின்றி ஒப்புவித்தாள். ஒப்புவித்தவள், "அம்மப்பா, நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?" என்று வினவினாள். அவ்வினாவிற் குறும்பு சிறிதும் இல்லை. முப்பதாண்டுக்கு மேலாக யாம் பிறர் பிள்ளைகளுக்குப் போதித்த பாடம் அது. விடை கூற இயலாது புத்தகத்தை மூடினேம்.

இராக்காலத்து விழித்திருத்தல் தன்னளவிற் பாவமோ எனின், அன்று. மகா சிவராத்திரியில் நான்கு யாமமும் துயிலாதிருத்தல் நமக்கு விதிக்கப்பட்ட விரதமே. வைகாசிச் சடங்கின் இரவுகளில் தம்பிலுவிற் கண்ணகியம்மன் சந்நிதியில் விழித்திருப்பாரை யார் குறைகூறுவர்? வட்டையிற் பரணமைத்து விளைந்த நெல்லை யானைக்குக் காப்பவரும், திருக்கோவிற் கடலில் இரவெல்லாம் வலைவீசுவோரும், வைத்தியசாலையில் நோயாளரைப் பேணும் தாதியரும் துயில் நீத்தே பிறரை வாழ்விக்கின்றனர். ஆதலின் குற்றம் கடிகாரத்தில் இல்லை. விழித்த பொழுது எதற்குச் செலவாயிற்று, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பனவே ஆராயத்தக்கன. எமது விழிப்பு முற்காலத்துக் கல்விக்காயிற்று. பிற்காலத்தோ கைத்தொலைபேசியின் வெறும் வேடிக்கைக்காயிற்று. விலையை இல்லாள் கொடுத்தார்.

இனி, மாற்றுதல் இயலுமா என்னும் வினாவுக்கு வருவாம். "இஃது எம் தேக இயற்கை" என்பாரை முற்றும் பொய்யர் எனத் தள்ளலாகாது. உடலினுள்ளே ஒரு காலக்கணக்கு நடைபெறுகின்றது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. அதன் நுண்ணிய இயக்கத்தை விளக்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கு 2017ஆம் ஆண்டு நோபெற் பரிசு வழங்கப்பட்டது. விழிநரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பாகத்தில் இக்கணக்கின் தலைமையிடம் உள்ளது. கண்வழிப் புகும் ஒளியே அதனைத் திருத்துங் கருவி. வைகறை ஒளி அதனை முன்னே தள்ளும். பின்னிரவு ஒளி பின்னே தள்ளும்.

இவ்வியற்கையை வலிந்து வெல்லப் புகுந்த ஒருவர் கதை நினைக்கத்தக்கது. நித்திரையை ஆராய்ந்த கிளைற்மன் என்னும் அறிஞர், 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்றக்கி நாட்டுப் பெருங்குகையொன்றில், ஞாயிற்றொளி புகா ஆழத்தில், தம் மாணாக்கர் ரிச்சட்சனோடு 32 நாள் உறைந்து, 28 மணி நேரத்தை ஒருநாளாகக் கொண்டு வாழ முயன்றார். இளைஞராகிய மாணாக்கரின் உடல் அதற்கு இயைந்தது. நாற்பது கடந்த ஆசிரியரின் உடல் இயையவில்லை. இதனாற் பழமொழியே வென்றது எனலாமோ எனின், ஆகாது. 1999ஆம் ஆண்டு சைசிலர் என்பாரும் அவர் கூட்டத்தாரும் இளையோரையும் முதியோரையும் ஒருங்கே ஆராய்ந்து, இரு சாரார்க்கும் உட்கணக்கு சராசரி 24 மணிக்குச் சில நிமிடங்களே மிகுந்து ஓடுகின்றது என்று கண்டனர். அஃதாவது, திருத்துவாரற்ற சுவர்க்கடிகாரம் போல, அது நாடோறும் சிறிது பிந்தவே முயலும். காலையொளி நாடோறும் அதனைத் திருத்துகின்றது. முதியோர்க்கும் அத்திருத்தம் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றது. ஒரேநாளில் நான்குமணி நேரத்தைப் பிடுங்கி நடுதலே முதுமைக்கு அரிது. கால்மணி கால்மணியாக நகர்த்துதல் அரிதன்று.

யாம் முதலிற் செய்த பிழை, ஒன்பதுமணிக்கே பாயிற் படுத்து உறக்கத்தை அழைத்தது. அழைத்தால் வருவதன்று அது. புரண்டு புரண்டு சினமே மிக்கது. பின்னர் முறையை மாற்றினேம். உறங்கும் பொழுதை விட்டு, எழும் பொழுதைப் பற்றினேம். முன்னிரவு எத்துணை கெட்டாலும் குறித்த வேளைக்கு எழுதல். எழுந்ததும் கடற்கரை சென்று ஞாயிற்றின் முன் நிற்றல். சிலநாட் கழித்து அவ்வேளையைக் கால்மணி முற்படுத்தல். இரவுண்டபின் விளக்கைக் குறைத்துத் தொலைபேசியை வேறறையில் வைத்தல். பகலுறக்கத்தைச் சுருக்குதல்: இவையே யாம் கைக்கொண்டன. கீழ்க்கரையில் வாழ்வார்க்கு இறைவன் அளித்த பேறு பெரிது. ஆண்டு முழுதும் ஆறுமணியை ஒட்டியே கதிரவன் கடலிலிருந்து நேரே நம் முகத்தில் எழுகின்றான். மாற்றம் முற்றுப்பெற ஏறக்குறைய நான்கு திங்கள் சென்றன. இருமுறை வழுக்கிப் பழைய நிலையில் வீழ்ந்து, மீண்டும் தொடங்கினேம். நோயால் உறக்கம் இழந்தார்க்கு இம்முறை போதாது. அவர் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இன்னுமொன்று கண்டேம். மார்கழியில் திருவெம்பாவைக் கூட்டத்தார் சங்கும் சேமக்கலமும் ஒலிப்ப இருள்நீங்குமுன் வீதிவலம் வருங்கால், ஆண்டுதோறும் யாமும் பத்துநாள் எழுந்ததுண்டு. பதினோராம் நாள் பழையபடி உறங்கினேம். அப்பத்துநாளும் எம்மை எழுப்பியது எம் மனவுறுதியன்று, கூட்டமே. திருநாவுக்கரசு நாயனார் பல்லாண்டு புறச்சமயத்தில் நின்று மீண்ட அவ்விரவு, திலகவதியம்மையார் திருநீறளித்ததோடு அமையாது, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் தோண்டியும் ஏந்தித் தம்முடன் அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்று பெரியபுராணம் கூறும். மாறவந்தார்க்குத் துணையும், கைக்கொரு தொண்டும், விடியற்பொழுதும் ஒருங்கே கிடைத்தன. யாமும் இல்லாள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டேம். அதன்பின் எழும் வேளை தவறியது அரிது.

மாற்றுதல் கடமையா எனின், யாவர்க்கும் அன்று. இரவில் உழைப்பாரும், இரவில் விழித்தும் பிறர்க்கு இடர் செய்யாதாரும் தம் வழி நிற்க. எம் பழக்கத்தின் சுமையைப் பிறர் தாங்குவராயின், அல்லது எம் வாய்ச்சொல்லை எம் வாழ்க்கை மறுக்குமாயின், அப்பொழுதே அது கடமையாம். எஞ்சிய ஆண்டுகள் சிலவே என்பது விலக்கன்று; உடன்வாழ்வாரின் ஆண்டுகளும் அவ்வாறு சிலவே அன்றோ?

ஆசிரிய அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவாம். பருவமடையும் பிராயத்துப் பிள்ளைகளின் உட்கணக்கு இயல்பிலேயே பிந்தி ஓடுவது என்பர் ஆராய்ச்சியாளர். முதற்பாடத்திற் கண்சொருகும் பிள்ளையை யாம் எத்தனை முறை மடியன் என்று வைதிருக்கின்றேம்! கால்மணி நேரத்தை நகர்த்த எமக்கு எத்துணை இடர்ப்பாடு நேர்ந்தது என்று அறிந்தபின்னர், அவ்வசைகள் யாவும் எம் செவியில் மீள ஒலிக்கின்றன. விதியைக் கற்பியுங்கள், வையாதீர்கள், கூடவே எழுந்து காட்டுங்கள்.

எமக்கு இன்றும் ஐந்து நாழிகைக்கு முன் எழுதல் கைகூடவில்லை. ஐந்துமணிக்கு எழுகின்றேம். பேர்த்தி மறுபடியும் வினவினாள், ஐந்து என்றேம். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அம்மப்பா" என்றாள். உண்மையே. திருவருள் துணைநிற்க.